இல்லத்துக்கு ஏற்ற வீடியோக் கமரா

அம்மி வாங்கச் செல்பவர் அரைக்கப் போகின்றவரைக் கலந்து கொள்கின்றார். கதிரை வாங்குபவர் அதில் அமரப் போகின்ற முதியவரை நினைத்துக் கொள்கின்றார். வீடியோக் கமரா வாங்கும் வேளையில் மட்டும் இந்நல்வழக்கத்தை நாம் மறந்துவிடுகின்றோம். கடைக்காரர் அடுக்கும் எண்களில் மயங்கி, பொத்தான்கள் மிகுந்த கருவியே சிறந்த கருவி என்று முடிவு செய்கின்றோம். இத்தவற்றை நாமும் ஒருமுறை செய்தோம். அதனால் இழந்ததை மீண்டும் பெற இயலவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எமது இல்லத்தில் விலையுயர்ந்த கமரா ஒன்று வாங்கப்பட்டது. அதனை இயக்கக் கற்றுக் கொண்டவர் எம் தம்பி ஒருவரே. அடுத்து வந்த தைப்பொங்கலன்று மாலை, ஆச்சி முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்து, தாம் சிறுமியாயிருந்த காலத்துக் கதைகளைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். தம்பி அவ்வேளை வீட்டில் இல்லை. நாம் கமராவை எடுத்து வந்தோம். திரையில் விளங்காத அடையாளங்கள் பல தோன்றின. ஒன்றை அழுத்தினால் வேறொன்று திறந்தது. உரிய பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்குமுன் கதை முடிந்து, ஆச்சி எழுந்து உள்ளே சென்றுவிட்டார்கள். மறு பொங்கலுக்கு அவர்கள் இல்லை. அவர்களின் முகம் சுவரிலுள்ள படத்தில் இருக்கின்றது. குரல் எங்கும் இல்லை.

ஆதலின், வீட்டுக் கமராவுக்குரிய முதல் இலக்கணம் யாதெனில், வீட்டிலுள்ள எவரும் பிறர் உதவியின்றி உடனே அதனை இயக்கத்தக்கதாய் இருத்தலாகும். இதனைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் இயந்திரங்களுக்கு மிகவும் அஞ்சுபவர் எவரோ அவரை உடன் அழைத்துச் செல்க. விளக்கம் எதுவும் கூறாது கமராவை அவர் கையிற் கொடுத்து, படம் பிடித்து, நிறுத்தி, பிடித்ததைத் திரும்பப் பார்க்கச் சொல்க. பக்கத்துத் திரையைத் திறந்தவுடன் தானே உயிர்பெறும் கமராக்கள் உள்ளன. பதிவுப் பொத்தான் பெருவிரலின் கீழே இயல்பாக அமைந்தவையும் உள்ளன. அத்தகையவற்றையே தேடுதல் வேண்டும்.

எளிமையை நாடுவது அறியாமையன்று. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ‘ஃபிளிப்’ என்னும் சிறு கமராவின் முதுகில் சிவந்த பெரிய பொத்தான் ஒன்றே முதன்மையாக நின்றது. அதன் எளிமைக்காகவே மக்கள் அதனை விரும்பி வாங்கினர். கைத்தொலைபேசிகள் அவ்வேலையைச் செய்யத் தொடங்கிய காலத்தில், 2011இல், அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

“கைத்தொலைபேசி இருக்கக் கமரா எதற்கு?” என்று வாசகர்கள் கேட்கலாம். குழந்தை தவழ்வதையும் கோலம் போடுவதையும் சில நிமிடங்கள் பிடிப்பதற்குத் தொலைபேசியே போதும். அதற்கென வேறு செலவு வேண்டியதில்லை. ஆயின், பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து பிள்ளையின் முகத்தைத் தெளிவாகக் காட்டவும், இரண்டு மணி நேர அரங்கேற்றத்தை இடையில் அழைப்பு மணி ஒலியாது பதியவும் கமராவே ஏற்றது. தூரத்துப் பொருளை வில்லைகளின் அசைவினால் அருகே கொணர்வது ஒளியியல் உருப்பெருக்கம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது இலக்கமுறை உருப்பெருக்கம். இதில் படம் தெளிவை இழக்கும். கமராவின் மேல் எத்தனை பெரிய எண் அச்சிடப்பட்டிருப்பினும், முன்னையது எத்தனை மடங்கு என்றே கேட்டறிக. கைநடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பும் ஒளியியல் முறையில் இருத்தல் நன்று.

இனி, படம் தங்கும் இடத்தைக் கவனிப்போம். சோனி நிறுவனம் 1985இல் முதல் ‘ஹண்டிகாம்’ கமராவை வெளியிட்டபோது அதனுள் ஓடியது 8 மில்லிமீற்றர் நாடா. இன்று வழங்கும் எஸ்.டி. வகை மெமரி காட்டை 1999இல் பனசோனிக், சான்டிஸ்க், தொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கின. இதில் சுழலும் நாடா இல்லை. சிக்குதலும் பின்னோக்கிச் சுற்றுதலும் இல்லை. வேண்டிய காட்சியை உடனே எடுத்துப் பார்க்கலாம்.

எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதை மாணவர்கள் எளிதிற் கணித்துவிடலாம். முழு எச்.டி. தரத்தில் விநாடிக்கு 24 மெகாபிற் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 10.8 கிகாபைற் நிரம்பும். 32 கிகாபைற் காட் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும். 4கே தரத்தில் விநாடிக்கு 100 மெகாபிற் எனின், மணிக்கு 45 கிகாபைற் செல்லும். முன்னதற்கு ‘கிளாஸ் 10’ எனக் குறிக்கப்பட்ட காட் போதும். பின்னதற்கு ‘வி30’ குறியுள்ளதைப் பெறுதல் நலம். பழைய கமராக்களிற் சில 32 கிகாபைற்றுக்கு மேற்பட்ட காட்டை ஏற்கமாட்டா. போலிக் காட்டுகளும் சந்தையில் உலவுகின்றன. மேலே எழுதியுள்ள அளவு உள்ளே இராது. ஆகவே, விழாவுக்கு முன்பே ஒருமுறை காட் நிரம்பும்வரை பதிந்து, முழுவதையும் ஓட்டிப் பார்த்துவிடுக.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் கமராக்களைப் பற்றியும் ஒரு சொல். அங்கே மின்னோட்டம் 120 வோல்ற், விநாடிக்கு 60 சுற்று. இலங்கையில் 230 வோல்ற், 50 சுற்று. மின்னேற்றியில் ‘100–240’ என்று குறிப்பிட்டிருந்தாலன்றி அதனை எமது சுவரில் மாட்டுதல் ஆகாது. மேலும், 60 சுற்றுக்கென அமைந்த கமராவில் எமது குழல் விளக்குகளின் கீழ் எடுத்த படம் துடிதுடிக்கக் காணலாம். கமராவில் 50 சுற்று முறைக்கு மாற்றும் வசதி உண்டா எனப் பார்க்க. இல்லையேல், மூடி வேகத்தை விநாடியின் நூறில் ஒரு பங்காக வைத்தால் துடிப்பு பெரிதும் அடங்கும்.

காட்சியிற் கருத்தூன்றி ஒலியை மறப்பது மற்றொரு பிழை. முதியவர் பேசும்போது உருப்பெருக்கத்தை நம்பித் தூரத்தில் நில்லாது, அருகே சென்று அமர்க; உருப்பெருக்கம் முகத்தை அருகே கொணருமேயன்றிக் குரலைக் கொணராது. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியைச் சற்று நேரம் நிறுத்திவிடுக. வெளி ஒலிவாங்கியைப் பொருத்தும் துளை கமராவில் இருப்பின் பின்னாளில் உதவும்.

இறுதியாக ஒன்று. காட் என்பது கொண்டுவரும் பெட்டியேயன்றிச் சேமித்து வைக்கும் பெட்டகமன்று. தவறி விழுந்தாலும், தொலைந்தாலும், பிள்ளைகள் அறியாது அழித்தாலும் யாவும் போய்விடும். விழா முடிந்த அன்றிரவே காட்டின் பக்கத்திலுள்ள சிறு பூட்டைத் தள்ளி அழிவைத் தடுத்து, கணினியில் ஒரு பிரதியும் வேறொரு வட்டில் மற்றொரு பிரதியும் எடுத்து வைக்க. நீண்ட பதிவுகளை 4 கிகாபைற் அளவில் துண்டாக்கிச் சேமிக்கும் கமராக்கள் உண்டு. எனவே ஒரு துண்டை மட்டும் எடுக்காது கோப்புறை முழுவதையும் பிரதி செய்க. ஆண்டையும், படத்திலுள்ளோரின் பெயரையும் உறவுமுறையையும் எழுதி வைக்க. இரண்டு பிரதிகளும் ஓடுவதைக் கண்ணாற் கண்ட பின்னரே காட்டை வெறுமையாக்கலாம்.

கமரா வாங்கிய அன்றே அதனைப் பெட்டியிற் பூட்டிவிடாதீர்கள். வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் ஒருமுறை இயக்கிப் பழகட்டும். பின்னர் வீட்டின் மூத்தவரை முற்றத்தில் அமர்த்தி, அவர் பிறந்த ஊரையும் விளையாடிய வளவையும் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அதுவே முதற் பதிவாய் இருக்கட்டும்.