ஆடி முதல் வெள்ளியும் முதல் நாள் முதல் காட்சியும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. கோபம் வந்தா கீழே எழுதுங்க, பதில் சொல்றோம்.

2016 ஜூலை 22, 'கபாலி' வெளியான நாள். அன்னிக்குத்தான் ஆடி முதல் வெள்ளியும். விடிகாலை கூழ் காய்ச்ச வர்றேன்னு பேர் கொடுத்த தம்பிங்கள்ல பாதிப் பேரைக் காணோம். போன் போட்டா, "அண்ணே, டிக்கெட் கிடைச்சிருச்சு." அண்டாவை இறக்க ஆளில்லாம அக்காமாருங்களே இறக்கினாங்க. குறை சொல்றதுக்காக இதை எழுதல. எங்கள்லயும் ரெண்டு பேர் அன்னிக்கு ராத்திரி பூஜை முடிஞ்ச கையோட அரங்குக்கு ஓடினவங்கதான். விபூதிகூட அழியல.

ஆனா அந்தக் கூட்டம் தானா சேர்ந்தது இல்லை. ஏர் ஏசியா ஒரு விமானத்துல ரஜினி படத்தை வரைஞ்சு பறக்கவிட்டுச்சு. கோலாலம்பூர்லயும் மலாக்காவிலயும் படம் பிடிச்சதால "இது நம்ம கதை"ன்னு ஒரு பெருமை. மலாய் டப்பிங் வேற. பெரிய படத்துக்குப் போட்ட பணம் முதல் மூணு நாள்லயே திரும்ப ஆரம்பிக்கணும். அதான் பண்டிகையும் லீவும் பார்த்து இறக்குறாங்க. பொங்கலும் தீபாவளியும் நமக்குத் திருநாள், விநியோகஸ்தருக்கு அது வெளியீட்டுத் தேதி. அதுல தப்பில்லை, அது அவங்க தொழில். ஆனா கட்அவுட்டுக்குப் பால் ஊத்துறது யாரு தொழில்? தமிழ்நாட்டுல பால் முகவர் சங்கமே இதை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கு. அபிஷேகம்ங்கிற சொல்லை அட்டைக்குக் கொடுத்துட்டு, கோயில்ல பால்குடம் எடுக்க ஆள் தேடுறோம்.

சரி, தணிக்கைக்கு வருவோம். நம்ம நாட்டுல 2002-ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, உள்துறை அமைச்சின் கீழ் இருக்கிற வாரியம் படத்தைப் பார்க்குது. பொது ஒழுங்கு, சமயம், சமூகப் பண்பாடு, ஒழுக்கம், இதெல்லாம் அவங்க கணக்கு. கபாலி தமிழ்நாட்டுல துப்பாக்கிச் சத்தத்தோட முடிஞ்சுது. இங்க, கபாலி போலீஸ்ல சரணடைஞ்சார்னு ஒரு வரி எழுத்தா வந்துச்சு. ரெண்டரை மணி நேரம் கோட்டு சூட்டு, கும்பல், கெத்து. கடைசியில ஒரு வரி. எழுந்து வெளியே போற பையன் எதை மனசுல வெச்சுக்கிட்டுப் போவான்? வாரியத்தைக் கிண்டல் பண்ணல. ஒரு அட்டையால அவ்வளவுதான் முடியும். மிச்சம் நம்ம வேலை.

அந்த மிச்சத்தைச் செஞ்ச படம் ஒன்னு இருந்துச்சு. 2015 டிசம்பர்ல வந்த சஞ்சய் குமார் பெருமாளோட 'ஜகாட்'. தொண்ணூறுகளின் தொடக்கம், தோட்டத்தை விட்டு வெளியேறின குடும்பம், அப்போய்னு ஒரு பையன், அவனைச் சுத்தி குண்டர் கும்பல். மாசாய்லயும் ஸ்கூடாய்லயும் வளர்ந்த நமக்கு அந்தப் பையனைத் தெரியும். மலேசியத் திரைப்பட விழாவில் முதல்ல இதை மலாய் அல்லாத படம்னு தனி வரிசையில் போட்டாங்க. மலாய்க் கலைஞர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தாங்க. அப்புறம் விதி மாறி, 2016-ல சிறந்த மலேசியப் படம் விருது இதுக்குத்தான் கிடைச்சுது. ஆனா நம்ம தொண்டர் குழுவில் அரங்கில் போய்ப் பார்த்தது மூணே பேர். வெட்கமா இருக்கு, இருந்தாலும் சொல்லிடுறோம்.

உள்ளூர்ப் படத்துக்குக் கட்டாயத் திரையீடுன்னு ஃபினாஸ் ஒரு திட்டம் வெச்சிருக்கு. நாற்காலியில் ஆளை உட்கார வைக்கிற திட்டம் எந்தக் கழகத்துக்கிட்டயும் இல்லை. விமானத்துல படம் வரையக் காசும் அவங்ககிட்ட இல்லை.

இன்னொன்னு. சாமியை அவமதிக்கிற காட்சின்னு ஒரு துண்டு வீடியோ வந்தா உடனே அம்பது குரூப்புக்கு அனுப்புறோம். 2023 டிசம்பர்ல 'அன்னபூரணி' அரங்குக்கு வந்தப்போ நம்ம குரூப்ல யாரும் பேசல. நெட்ஃபிளிக்ஸ்ல வந்த பிறகுதான் சர்ச்சை வெடிச்சுது, 2024 ஜனவரியில் எடுத்துட்டாங்க. அதுக்குள்ள பார்க்காதவங்களையும் தேடிப் பார்க்க வெச்சது நாம அனுப்பின வீடியோதான். மனசு புண்பட்டா படத்தின் பேர், அரங்கு, காட்சி நேரம் எழுதி வாரியத்துக்கு முறையா புகார் கொடுங்க. எழுத உதவி வேணும்னா எங்க பிள்ளைங்க எழுதித் தருவாங்க.

எங்க குழு ஒரு முடிவு எடுத்திருக்கு. அடுத்து உள்ளூர்த் தமிழ்ப்படம் வரும்போது முதல் வாரத்திலேயே, ஞாயிறு மாலை பூஜைக்கு அப்புறம், சேர்ந்து போறோம். டிக்கெட் அவங்கவங்க காசு, கோயில் நிதியைத் தொடமாட்டோம். படிக்கிற பிள்ளைங்களுக்கு நாங்க பார்த்துக்குறோம். பேர் கொடுங்க.

அப்படியே ஆடி முதல் வெள்ளிக்கும் பேர் கொடுங்க. காலை 4.30 மணி, மடப்பள்ளி வாசல். அண்டா பெருசு, தூக்க ஆறு பேர் வேணும். அன்னிக்கு எந்தப் படம் வருதுன்னு பார்த்துட்டு வாக்குக் கொடுங்க தம்பிங்களா.