கடவுளுண்மையும் கடன் வாங்கிய ஏதுவும்

சில திங்களுக்கு முன் ஒரு சைவக் கூட்டத்தில் அடியேன் இருந்தேன். பேச வந்த அன்பரொருவர், "உலகம் 1,380 கோடி ஆண்டுகட்கு முன் பெருவெடிப்பில் தோன்றிற்றென விஞ்ஞானிகளே ஒப்பினர்; இன்மையினின்று உலகு உண்டாயிற்று; எதற்கும் காரணம் உண்டாதலின் கடவுள் உண்டென்பது மெய்ப்பட்டது; மெய்கண்ட தேவரும் முதற் சூத்திரத்தில் இதனையே அருளினார்" என முழங்கினார். கைதட்டல் எழுந்தது. கடைவரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "எதற்கும் காரணம் உண்டெனின் கடவுளுக்குக் காரணம் யாது?" என்று வினவினான். "இறைவன் தருக்கத்திற்கு எட்டாதவன், இவ்வாறு கேட்பது நாத்திகம்" என்பதே அவன் பெற்ற விடை. அவன் வெளியேறினான்.

அவன் வினாவில் நாத்திகம் யாண்டுளது? நாத்திகத்திற்கு இடந்தந்தது அவ்வன்பர் கூறிய ஏதுவேயாம்.

முதற்கண், பெருவெடிப்புக் கொள்கை இன்மையினின்று உலகு தோன்றிற்றெனக் கூறுவதன்று. மிகச் செறிந்து வெம்மையுற்றிருந்த நிலையினின்று உலகம் விரிந்த வரலாற்றையே அது கூறும். அதற்கு வித்திட்டவருள் ஒருவர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவாகிய லெமேத்தர் என்பார். 1927இல் உலக விரிவையும், 1931இல் முதலணுக் கொள்கையையும் வெளியிட்டவர் அவர். 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் இவ்வாராய்ச்சியைப் படைப்புக்குச் சான்றாக்கிப் பேசியபொழுது, அக்குருவே அதனை விரும்பிற்றிலர். தம் கொள்கை பௌதிக நூலின் எல்லையுள் நிற்பதென்பதே அவர் துணிபு. இன்மையினின்று படைப்பு என்னும் சமயத்தவரே கொள்ளக் கூசிய சான்றைச் சற்காரிய வாதிகளாகிய நாம் கடன் வாங்குவது என்னை? இல்லது தோன்றாதென்பதும், மாயை அநாதியென்பதும் நம் சித்தாந்தத்தின் உயிர்நிலையன்றோ! மேடையேறிய அன்பர் கடவுளை நாட்டப் புகுந்து மாயையை இழந்தார். அதனை அவர் உணர்ந்ததாகவும் தெரியவில்லை.

இனி, "உள்ளன எல்லாம் காரணமுடையன" என்பது நம் வியாத்தியன்று. அங்ஙனமாயின் அநாதியாகிய பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் ஒன்றும் நில்லாது. முதற் சூத்திரம் கொண்ட ஏது உண்மை மாத்திரமன்று. தோன்றுதல், நிற்றல், ஒடுங்குதல் என்னும் முத்தொழிற்படுதலேயாம். சுட்டி அறியப்படும் உலகு அங்ஙனம் திரிபுறுவது. அது சடமாதலின் தானே தொழிற்படாது. ஆகலின் தொழிற்படுத்தும் முதல்வன் வேண்டும். திரிபில்லாத பதியின்கண் அவ்வேது செல்லாது. செல்லாதாகவே அவனுக்கு வேறொரு காரணம் வினவற்கு இடமில்லை. இத்துணையும் அம்மாணவனுக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கவுரைத்திருக்கலாம்.

இவ்வளவிற் பூசல் முடிந்ததெனக் கொள்ளற்க. ஏழாம் நூற்றாண்டினராகிய பௌத்த ஆசிரியர் தருமகீர்த்தி, குடம் குயவனாற் செய்யப்பட்டமை கண்டு, மண்ணாலாய புற்றையும் அவனே செய்தானெனல் பொருந்துமோ என்று கடாவினார். வடிவொப்புமை மாத்திரத்தால் வியாத்தி பெறப்படாது என்பது கருத்து. இது கூரிய கடா. வைதிகருள்ளும் குமாரிலபட்டர் உலகைப் படைப்பவனொருவன் உளன் என்பதையே மறுத்தார். இராமாநுசரோ, இறைவன் நூலளவையானன்றி அனுமானத்தாற் பெறப்படான் என்றார். இவரையெல்லாம் ஒருசேர நாத்திகர் என்று தள்ளிவிடுவார் எவரோ?

நம்மவர் விடை வடிவொப்புமையைப் பற்றி நில்லாது, சடம் தானே தொழிற்படாமையைப் பற்றி நிற்பது. அதுவும் எதிரி உடன்பட்டாலன்றி நிலைபெறாது. இயற்கை விதியே அமையும் என்பானோடு நாம் இன்னும் வாதிட்டே ஆகவேண்டும். வினைப்பயனை ஊட்டுவானொருவன் வேண்டும் என்னும் வாதம் வலிதே. ஆயினும் வினையையே ஒப்பாதவன்முன் அதனை முதற்கண் வைத்தல் அசித்தம் என்னும் ஏதுப்போலியாம். அருணந்தி சிவாசாரியார் இம்முறை நன்கறிந்தவர். அவர் பரபக்கத்தில் முதற்கண் உலகாயதனை நிறுத்தி, காட்சியொன்றே அளவையென்னும் அவன் கொள்கையையே மறுத்தார். ஆகமத்தைக் காட்டி அவன் வாயை அடைத்தாரல்லர். ஆகமம் இறைவன் வாக்காதலின் பிரமாணம் என்றும், இறைவன் உளனென்பது ஆகமத்தாற் பெறப்படும் என்றும் அவனிடம் கூறின், அது அன்னியோன்னியாச்சிரயம் என்னும் குற்றமாம்.

"தருக்கத்திற்கு எட்டாதவன்" என்ற விடைக்கு வருவாம். தமக்கு ஏற்குமளவும் தருக்கத்தைக் கைக்கொண்டு, பிறன் வினவியவுடன் அதனைக் கைவிடுதல் வழக்காகாது. எட்டாமை மெய்யெனின், கைதட்டலைப் பெற்ற அனுமானமும் எட்டாதன்றோ? ஆறாஞ் சூத்திரம், உலகப்பொருள்போல் அறியப்படுவதை அசத்தென்றும், எவ்வாற்றானும் அறியப்படாததைச் சூனியமென்றும் விலக்கி, அவ்விரண்டுமல்லாத சிவசத்தென இறைவனை நிறுவுகின்றது. "அறியப்படான்" என்று வாளா கூறியொழிபவர், தாம் அறியாமலே சூனியவாதியின் பக்கம் சேர்ந்தவராவர்.

பாச ஞானத்தானும் பசு ஞானத்தானும் பதி உணரப்படான், பதிஞானத்தானே உணரப்படுவான் என்று ஒன்பதாஞ் சூத்திரம் கூறுவதை மறந்தேனல்லேன். அஃது உண்மையே, ஆயின் அது சாதனவியலிற் கூறப்பட்டது. அதற்குமுன் பிரமாணவியல் மூன்று சூத்திரங்களும், இலக்கணவியல் மூன்று சூத்திரங்களும் உள்ளன. அன்பர், முதற் சூத்திரத்தின்கண் ஐயுற்று நின்ற இளைஞனுக்கு ஒன்பதாஞ் சூத்திரத்தின் சாயலைக் காட்டி அவனை வாயிலிலேயே நிறுத்திவிட்டார்.