கூகுள் முதல் யுபிஐ வரை: ‘நீ யாரு?’ என்று கேட்கும் சர்வர் படுத்தால் எல்லாமே ஏன் நின்றுவிடுகிறது?

2025 ஜூன் 12. இந்திய நேரப்படி இரவு 11.15 மணி இருக்கும். ஸ்பாட்டிஃபையில் பலருக்குப் பாட்டு ஓடவில்லை. டிஸ்கார்டும் ஸ்னாப்சாட்டும் திணறின. ஜிமெயில், கூகுள் மீட் போன்றவையும் தடுமாறின. ஹேக்கர் யாரும் உள்ளே புகவில்லை, கடலடி கேபிளும் அறுந்துபோகவில்லை. கூகுள் கிளவுடுக்குள் ‘இந்தக் கோரிக்கைக்கு அனுமதி இருக்கா?’ என்று பார்க்கும் ஒரே ஒரு மென்பொருள் படுத்துவிட்டது. அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 12-ம் தேதி, இந்தியாவில் யுபிஐ தடுமாறியது. கடைகளில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தவர்கள் பணம் போகாமல் நின்றார்கள்.

இரண்டும் வேறு வேறு நாட்டில், வேறு வேறு நிறுவனத்தில் நடந்தவை. ஆனால் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் கேள்விகளின் எண்ணிக்கை எல்லை மீறும்போது என்ன ஆகும் என்பதே அது.

செயலிக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

நாம் போனில் ஒரு பட்டனைத்தான் அழுத்துகிறோம். அதற்குப் பின்னால் பத்து, இருபது சர்வர்கள் பேசிக்கொள்கின்றன. உணவு ஆர்டர் செய்யும் செயலியையே எடுத்துக்கொள்வோம். அது மேப் சேவையிடம் தூரம் கேட்கிறது. வங்கியிடம் பணம் கேட்கிறது. மெசேஜ் அனுப்பும் சேவையிடம் ஓடிபி அனுப்பச் சொல்கிறது.

ஒவ்வொரு முறையும் எதிரில் இருக்கும் சர்வர் மூன்று கேள்வி கேட்கும். ‘நீ யாரு?’ என்பது முதல் கேள்வி. இது அடையாளச் சரிபார்ப்பு. ‘இதைச் செய்ய உனக்கு அனுமதி இருக்கா?’ என்பது இரண்டாவது. ‘இன்னைக்கு எத்தனை தடவை வந்துட்ட?’ என்பது மூன்றாவது. இதற்குப் பெயர் கோட்டா, அதாவது பயன்பாட்டு வரம்பு.

இந்த வேலையின் அளவு எவ்வளவு? கூகுள் 2019-ல் தன்னுடைய ‘ஸான்ஸிபார்’ என்ற அனுமதி அமைப்பைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. யூடியூப், டிரைவ், போட்டோஸ், மேப்ஸ் என எல்லாமே அதைத்தான் கேட்கின்றன. அதில் இருப்பவை லட்சம் கோடிகளில் எண்ணப்படும் அனுமதிக் குறிப்புகள். விநாடிக்குப் பல லட்சம் கேள்விகள் வருகின்றன. 95 சதவீத கேள்விகளுக்கு 10 மில்லி விநாடிக்குள் பதில் போய்விடுகிறது. மூன்று ஆண்டு பயன்பாட்டில் 99.999 சதவீத நேரத்துக்கும் மேல் அது வேலை செய்தது என்கிறது அந்தக் கட்டுரை. கணக்குப் போட்டால், ஆண்டுக்கு சுமார் 5 நிமிடம் மட்டுமே தடங்கல்.

ஏன் இவ்வளவு கறார்? வாசலில் நிற்கும் காவலாளி மயங்கி விழுந்தால், உள்ளே எல்லோரும் நன்றாக வேலை பார்த்தாலும் பயனில்லை. வெளியில் இருப்பவர் உள்ளே போக முடியாது.

ஜூன் 12: ஒரு காலிக் கட்டம் செய்த வேலை

கூகுள் கிளவுடில் அந்தக் காவலாளியின் பெயர் ‘சர்வீஸ் கன்ட்ரோல்’. கிளவுடுக்கு வரும் ஏபிஐ கோரிக்கைகளுக்கு அனுமதி, விதிமுறை, கோட்டா ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று அது பார்க்கும்.

சம்பவத்துக்குப் பின் கூகுள் வெளியிட்ட அறிக்கைப்படி, 2025 மே 29-ம் தேதி இதில் கோட்டாவைக் கூடுதலாகச் சோதிக்கும் புதிய நிரல் சேர்க்கப்பட்டது. வழக்கம்போல ஒவ்வொரு பிராந்தியமாகத்தான் அதை நிறுவினார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட வகை விதிமுறை உள்ளே வந்தால்தான் அந்த நிரல் ஓடவே செய்யும். அப்படி எதுவும் வராததால் கோளாறு யார் கண்ணிலும் படவில்லை.

ஜூன் 12-ம் தேதி அந்த விதிமுறை வந்தது. அதில் சில கட்டங்கள் தவறுதலாகக் காலியாக இருந்தன. நிரல் அந்தக் காலி இடத்தைப் படிக்கப் போனது, நொறுங்கியது. தவறான தரவு வந்தால் சமாளிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. புதிய வசதியை மட்டும் தனியாக அணைத்து வைக்கும் சுவிட்சும் இல்லை.

இன்னொரு விஷயம்தான் முக்கியம். நிரலை ஒவ்வோர் இடமாக அனுப்பிய கூகுள், விதிமுறைத் தரவை அப்படி அனுப்பவில்லை. கோட்டா விவரம் உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதால், அந்தத் தரவு சில விநாடிகளில் எல்லா பிராந்தியங்களுக்கும் பரவியது. எல்லா இடத்திலும் காவலாளி ஒரே நேரத்தில் சாய்ந்தார்.

எழுந்தார்... மறுபடியும் திணறினார்

கூகுள் பொறியாளர்கள் வேகமாகவே செயல்பட்டார்கள். 10 நிமிடத்துக்குள் காரணம் தெரிந்துவிட்டது. சுமார் 40 நிமிடத்துக்குள் கோளாறான பகுதியை எல்லா இடத்திலும் அணைத்தும் விட்டார்கள். சிறிய பிராந்தியங்கள் மீண்டன.

ஆனால் அமெரிக்காவின் மையப் பகுதியில் உள்ள பெரிய பிராந்தியமான ‘யுஎஸ் சென்ட்ரல் 1’ முழுமையாகச் சரியாக சுமார் 2 மணி நேரம் 40 நிமிடம் ஆனது. ஏன்?

தெருவில் கரண்ட் போய் வந்ததும் எல்லா வீட்டு மோட்டாரும் ஏசியும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால் என்ன ஆகும்? ஃபியூஸ் மறுபடியும் போகும். அங்கும் அதே கதைதான். மறுபடி எழுந்த சர்வீஸ் கன்ட்ரோல் சர்வர்கள் எல்லாம் ஒரே தரவுத்தளத்தை ஒரே நேரத்தில் மொய்த்தன. அந்தத் தரவுத்தளம் திணறியது.

இதற்கு மருந்து பழையதுதான். தோற்றால் உடனே திரும்பக் கேட்காமல் 1 விநாடி பொறு. அடுத்த முறை 2, பிறகு 4, 8 என்று இடைவெளியைக் கூட்டு. எல்லோரும் ஒரே விநாடியில் வராதபடி அந்த இடைவெளியைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்று. இந்த ஏற்பாடு அங்கே சரியாக இல்லை என்று கூகுளே ஒப்புக்கொண்டது. நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு நிலவரம் சொல்லும் பக்கமும் அதே கிளவுடைச் சார்ந்திருந்ததால், முதல் அறிவிப்பு வரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது.

இது முதல்முறை இல்லை

2020 டிசம்பர் 14-ம் தேதி மாலை 5.15 மணி வாக்கில் ஜிமெயில், யூடியூப், டிரைவ் எல்லாம் உலகம் முழுக்க சுமார் 47 நிமிடம் முடங்கின. லாக்-இன் செய்யாமல் திறந்தவர்களுக்கு மட்டும் யூடியூப் ஓடியது. பிரச்னை வீடியோவில் இல்லை, ‘நீ யாரு?’ என்ற கேள்வியில்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

அப்போதும் கோட்டாதான் காரணம். கணக்கு அடையாளங்களைப் பராமரிக்கும் சேவையை புதிய கோட்டா முறைக்கு மாற்றும்போது, பழைய முறையின் ஒரு பகுதி அப்படியே விடப்பட்டது. அது ‘இந்தச் சேவையின் பயன்பாடு பூஜ்யம்’ என்று தவறாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. பயன்பாடே இல்லை என்று நம்பிய தானியங்கி அமைப்பு, சேமிப்பிட ஒதுக்கீட்டைக் குறைத்தது. புதிய தரவை எழுத முடியாமல் போக, இருந்த தரவு பழையதாகிவிட்டது. பழைய தரவை வைத்து யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. அதனால் எல்லோரையும் வெளியே நிறுத்தியது.

அப்படியானால் கதவைத் திறந்தே வைக்கலாமா?

உண்மையான சிக்கல் இங்கேதான். சரிபார்க்க முடியாதபோது ‘சரி, உள்ளே போ’ என்பதா, ‘யாரும் போகக்கூடாது’ என்பதா?

ரேஷன் கடையில் விரல் ரேகைக் கருவியின் சர்வர் திணறும்போது வரிசையில் நிற்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். கார்டு கையில் இருக்கும், அரிசி கண்ணெதிரே இருக்கும். ‘சர்வர் வரலைம்மா’ என்ற பதில்தான் கிடைக்கும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் டோக்கன். பஸ் பாஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை சரிபார்த்து பாஸ் கொடுத்துவிட்டால், நடத்துநர் ஒவ்வொரு முறையும் அலுவலகத்துக்கு போன் போட வேண்டாம். பாஸில் இருக்கும் முத்திரையைப் பார்த்தால் போதும். கணினி உலகில் அந்த முத்திரையை டிஜிட்டல் கையொப்பம் என்கிறார்கள்.

ஜூன் 12-ல் இதன் பலன் தெரிந்தது. தன் சேமிப்புச் சேவையின் ஒரு பகுதிக்கு கூகுள் கிளவுடை நம்பியிருந்த கிளவுட்ஃபிளேர் நிறுவனமும் அன்று சுமார் இரண்டரை மணி நேரம் பாதிக்கப்பட்டது. அதன் ‘அக்சஸ்’ என்ற நுழைவுச் சேவையில் புதிதாக லாக்-இன் செய்ய வந்தவர்கள் தடுக்கப்பட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்குப் பிரச்னை இல்லை. அவர்கள் கையில் ‘பாஸ்’ இருந்தது.

ஆனா, முத்திரைக் கட்டையே திருடுபோனால்? அதுவும் நடந்திருக்கிறது. 2023-ல் சீனாவைச் சேர்ந்ததாகக் கூறப்படும் ‘ஸ்டார்ம் 0558’ என்ற ஹேக்கர் குழுவிடம் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பச் சாவி ஒன்று சிக்கியிருந்தது தெரியவந்தது. 2016-ல் உருவாக்கப்பட்டு, மாற்றப்படாமலே இருந்த சாவி அது. தனிநபர் கணக்குகளுக்கான அந்தச் சாவியால், சரிபார்ப்பில் இருந்த ஓட்டை வழியாக, அலுவலகக் கணக்குகளுக்கும் போலி டோக்கன் செய்ய முடிந்தது. 22 அமைப்புகளின் மெயில்கள் திறக்கப்பட்டன. அமெரிக்க வர்த்தக அமைச்சராக இருந்த ஜினா ரைமண்டோவின் மெயிலும் அதில் ஒன்று. தடுத்திருக்கக்கூடிய சம்பவம் இது என்று 2024-ல் அமெரிக்க அரசின் ஆய்வு வாரியம் சொன்னது.

ஆக, ஒவ்வொரு முறையும் மையத்தைக் கேட்டால், மையம் விழுந்தால் எல்லாம் விழும். கேட்காமல் டோக்கனை நம்பினால், திருட்டு டோக்கனும் செல்லும். அதனால்தான் டோக்கனுக்குக் குறைந்த ஆயுள் வைக்கிறார்கள். ஆயுள் குறைந்தால் புதுப்பிக்கும் கோரிக்கை அதிகமாகி, கூட்டம் மறுபடி மையத்துக்கே வரும். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு நிறுவனமும் கயிற்றில் நடக்கிறது.

கூகுள் சொன்ன திருத்தத்தில் கவனிக்க வேண்டியது இதுதான்: சர்வீஸ் கன்ட்ரோலின் வேலைகளைத் தனித்தனியாகப் பிரிப்போம், ஒரு சோதனை பழுதானாலும் கோரிக்கை போகும்படி செய்வோம் என்கிறது. நியாயமான யோசனை. கோட்டா எண்ணும் கருவி பழுதானால் சில நிமிடம் எண்ணாமல் விடலாம், நஷ்டம் குறைவு. ஆனால் அடையாளம் பார்ப்பதை அப்படி விட முடியாது. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்ததால்தான், எண்ணிக்கைக் கோளாறு எல்லோரையும் வாசலில் நிறுத்தியது.

யுபிஐயில் என்ன நடந்தது?

ஏப்ரல் 12 தடங்கலுக்கு, ‘அந்தப் பணம் போச்சா, இல்லையா?’ என்று கேட்கும் ஏபிஐ கோரிக்கைகளின் வெள்ளமே காரணம் என்று என்பிசிஐயின் ஆய்வில் தெரியவந்தது. சில வங்கிகள், பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூட திரும்பத் திரும்ப இதே கேள்வியை அனுப்பியிருக்கின்றன. நிலவரம் கேட்கும் கேள்விகளின் நெரிசலில், பணம் அனுப்பும் கோரிக்கைகள் மாட்டிக்கொண்டன.

அதன் பிறகுதான் 2025 ஆகஸ்ட் 1 முதல் இந்தக் கட்டுப்பாடுகள் வந்தன:

- ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறை மட்டுமே பேலன்ஸ் பார்க்கலாம்.
- மொபைல் எண்ணுடன் இணைந்த வங்கிக் கணக்குகளின் பட்டியலை ஒரு செயலியில் நாளைக்கு 25 முறை எடுக்கலாம்.
- நிலுவையில் இருக்கும் பரிவர்த்தனையின் நிலவரத்தை 3 முறை கேட்கலாம். இடையில் 90 விநாடி இடைவெளி வேண்டும்.
- ஆட்டோபே தவணைகள் நெரிசல் இல்லாத நேரத்தில்தான் எடுக்கப்படும். அதாவது காலை 10 மணிக்கு முன், மதியம் 1 முதல் மாலை 5 வரை, இரவு 9.30-க்குப் பின்.

‘ஒரு நாளைக்கு 50 தடவை யாருங்க பேலன்ஸ் பார்க்கிறாங்க?’ என்று பலர் கேட்டார்கள். கேள்வி சரிதான். பெரும்பாலும் நெரிசலைத் தருவது மனித விரல் அல்ல, பின்னணியில் தானாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் செயலிகளும் வங்கி சர்வர்களும்தான். இந்த வரம்பின் உண்மையான குறி அவைதான்.

அதே மாதம், ஆகஸ்ட் 2025-ல், யுபிஐ முதல்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைக் கடந்தது. சராசரியாக நாளைக்கு 64 கோடிக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அனுப்புபவரின் வங்கி, பெறுபவரின் வங்கி, செயலி, என்பிசிஐ என்று பல சர்வர்கள் கேள்வி கேட்கின்றன.

நமக்கு இதில் என்ன?

பணம் ‘பெண்டிங்’ என்று வந்தால் உடனே மறுபடி மறுபடி அனுப்ப வேண்டாம். ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து நிலவரம் பாருங்கள். இரண்டு முறை பணம் போகும் ஆபத்தும் குறையும், நெரிசலும் குறையும். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்வதும் நல்லது.

ஆனால் பெரிய பொறுப்பு நம்மிடம் இல்லை. டீக்கடை முதல் மருத்துவமனை வரை ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்ட பிறகு, அந்த வாசல் அடைத்தால் மாற்று வழி என்ன என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டியவர்கள் அதை நடத்துபவர்கள். கூகுளில் அந்தக் கோளாறு மே 29 முதல் ஜூன் 12 வரை இரண்டு வாரம் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. சரியான சுவிட்ச் ஒன்று இருந்திருந்தால், அது உலகச் செய்தியாகவே ஆகியிருக்காது.