வழி சொல்லும் பெட்டி

கைக்குழந்தையோடு காரில் வெளியூர் போகிறவர்களுக்கு ஜி.பி.எஸ். நல்ல துணைதான். தனிக் கருவி வாங்கினால், தமிழில் பேசுமா, வரைபடத்தைப் புதுப்பித்துத் தருவார்களா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். செல்போனே போதுமென்றால், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் போதும். வரைபடத்துக்குத்தான் இன்டர்நெட் வேண்டும். மலையில் டவர் கிடைக்காதே!

ஓட்டுபவர் பார்வையை மறைக்காமல் மாட்டுங்கள். போகுமிடத்தைக் கிளம்புமுன்பே பதியுங்கள். வண்டி ஓடும்போது அதைத் தொடுவது எங்கள் வீட்டில் என் வேலை. அவர் கை ஸ்டீயரிங்கில்தான்!

எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். ஊட்டியிலிருந்து மைசூர் போகும் முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். பசித்தழும் பிள்ளையோடு கேட்டருகே விடியவிடிய நிற்கமுடியுமா? வழியில் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?