நாலு பருக்கை போதும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே 16 கிலோமீட்டர் தொலைவில், கரமனை ஆற்றங்கரையில் இருக்கிறது அருவிக்கரை. பாறைமேல் ஒரு பகவதி கோயில். பக்கத்திலேயே ஓடும் தண்ணீர். அதில் மனிதர்களைக் கண்டு கொஞ்சமும் அஞ்சாத மீன்கள். கைப்பிடி பொரி விழுந்தால் போதும், தண்ணீர் கொதிப்பதுபோல் மேலே திரண்டு வரும். குழந்தைகளுக்கு அது திருவிழா. ஆனால் தூண்டில் ஆசை உள்ள பெரியவர்கள் மனதில் இந்தக் காட்சி ஒரு தப்பான பாடத்தை ஏற்றிவிடுகிறது: நிறையப் போட்டால் நிறைய வரும்.

அருவிக்கரையில் வரும். தினமும் தீனி விழுகிற இடம் அது. ஆள் நிழல் தெரிந்தாலே சாப்பாட்டு நேரம் என்று அந்த மீன்களுக்குப் பழகிவிட்டது. ஏதோ ஒரு குளத்தங்கரையிலோ ஏரிக்கரையிலோ உட்கார்ந்திருக்கும் தூண்டில்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே ஆள் நிழல் என்றால் ஆபத்து. அதிலும் மாசி, பங்குனி மாதங்களில், மலையாளக் கணக்கில் கும்பமும் மீனமும், இரையை வாரி இறைக்கிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார். நாலு பருக்கையோடு உட்கார்ந்தவருக்குத் தக்கை அமிழ்கிறது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. கெண்டையின் உடலமைப்பும் தண்ணீரின் குணமும்தான் காரணம்.

கெண்டை என்று தமிழில் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். விரல் நீள வாய்க்கால் மீனும் கெண்டைதான், இருபது கிலோ எடைக்கு வளரும் கட்லாவும் கெண்டைதான். பாண்டியர் கொடியில் பறந்த கயலும் இந்த வம்சம்தான். இன்று தென்னாட்டுக் குளங்களிலும் அணைகளிலும் தூண்டிலுக்கு அகப்படும் பெரிய கெண்டைகளில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளிக்காரர்கள். தேங்கிய குளத்தில் இவை தாமாக முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10ம் தேதி ஒரிசாவில் ஹீராலால் சவுத்ரியும் அலிக்குஞ்ஞியும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். நாடு முழுவதும் குஞ்சுகளை வளர்த்து விடுவது அதன் பிறகே சாத்தியமாயிற்று. அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம். சாதாக் கெண்டை இன்னும் தூரத்திலிருந்து வந்தது. அதில் ஒரு வகையை 1939ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டார்கள்.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. வாயிலும் பல் இல்லை. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. உணவு அங்கே அரைபட்டு நேராகக் குடலுக்குப் போகிறது. இரைப்பை உள்ள மீன் ஒரே தடவையில் வயிறு முட்ட விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். கெண்டை அப்படிச் செய்ய முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க மேய்கிற ஜீவன் அது. குடல் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் வெப்பம். குளிர்ந்த ரத்தப் பிராணி ஆனதால் தண்ணீர் சில்லிட்டால் உடலும் சில்லிட்டுப் பசி படுத்துவிடும்.

இங்கிலாந்துக்காரர்கள் இதை நன்றாக உணர்ந்தவர்கள். அங்கே கெண்டை பிடிப்பது ஒரு தனி மதம் மாதிரி. 1952 செப்டம்பரில் ரெட்மயர் என்ற சின்னக் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்துச் சாதனை படைத்தார். அந்த மீன் லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தது. அதை ஏமாற்றிய இரை வெறும் ரொட்டி. அதன்பின் முட்டையும் பால் புரதமும் கலந்து வேகவைத்த உருண்டைகள் வந்தன. விதவிதமான வாசனைகள் வந்தன. இரை விற்பதே ஒரு தொழிலாகி, கிலோ கணக்கில் குளத்தில் கொட்டுவது பழக்கமாயிற்று. ஆனால் பனிக்காலம் முடிந்து வசந்தம் எட்டிப்பார்க்கும் மார்ச்சில் மட்டும் அனுபவசாலிகள் வாளியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும் அந்தப் பருவத்தில் முள்ளில் ஒரே ஒரு மக்காச்சோள மணி, சுற்றிலும் நாலைந்து மணி. அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்தில் பனி ஏது, குளிர் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே மாசி, பங்குனியில் ஆழமில்லாத தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். குளிர் அல்ல, சூடுதான் பிரச்சினை. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறைகிறது. 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். போதாததற்கு அந்த மாதங்களில் நீர்மட்டமும் இறங்குகிறது. மூச்சுக்குத் திணறும் மீனுக்குச் சாப்பாட்டில் நாட்டம் இருக்காது. மீன் வளர்ப்போர், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டால் முதல் காரியமாகத் தீனியை நிறுத்துவது இதனால்தான். அங்கே குளிரால் பசி இல்லை, இங்கே மூச்சு முட்டிப் பசி இல்லை. இரண்டு ஊருக்கும் மருந்து ஒன்றே: குறைவான இரை.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். பண்ணைக் குளத்தில், நல்ல பசி உள்ள பருவத்தில், கெண்டைக்கு அதன் எடையில் இரண்டு மூன்று சதவிகிதம் தீனி ஒரு நாளைக்குப் போதும். ஒரு கிலோ மீனுக்கு 25 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ மாவைக் கரைத்துக் கொட்டுகிறவர் நாற்பது மீன்களுக்கு ஒரு நாள் முழுச் சாப்பாடு போடுகிறார். அவர் தக்கையைச் சுற்றி நாற்பது மீன்கள் இருக்குமா? இருந்தாலும், ஓசிச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவர் முள்ளில் குத்திய உருண்டையைத் தேடி வருமா? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் வாசலில் கடலை விற்கிற கதைதான்.

மீதியான மாவு என்ன ஆகிறது என்பதுதான் இதைவிட முக்கியம். அது அடியில் படிந்து மக்குகிறது. ஒரு கிலோ மாவு முழுவதும் மக்குவதற்குச் சுமார் ஒரு கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். 30 டிகிரியில் உள்ள தண்ணீரில் ஒரு கிலோ ஆக்ஸிஜன் இருக்க வேண்டுமானால் 1.3 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். பெரிய தண்ணீர் லாரிகளில் பதினோரு லாரி. காற்றிலிருந்து புதிதாகக் கரையும், பாசியும் பகலில் கொஞ்சம் தரும் என்பது உண்மை. ஆனால் இரவில் பாசியும் சேர்ந்து ஆக்ஸிஜனை உறிஞ்சும். கோடையில் சின்னக் குளங்களில் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதப்பது இப்படிப்பட்ட இரவுகளுக்குப் பிறகுதான். ஒரு தூண்டில்காரர் மட்டும் குளத்தைக் கொன்றுவிட முடியாது. விடுமுறை நாளில் இருபது பேர் ஆளுக்கு ஒரு கிலோ கொட்டினால், வற்றிக் கிடக்கும் குளத்துக்கு அது தாங்காது.

சரி, எவ்வளவு போடுவது? எப்படிப் போடுவது?

முள்ளில் குத்தும் இரை பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்த உருண்டை, வேகவைத்த மரவள்ளிக்கிழங்குத் துண்டு, ஒரு மக்காச்சோள மணி, பாதி மண்புழு, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். கேரளத்தில் கப்பை இல்லாத வீடு ஏது? மாவில் ஒரு சிட்டிகை மஞ்சளோ கொஞ்சம் வெல்லமோ சேர்ப்பவர்கள் உண்டு. அதற்குமேல் அலங்காரம் தேவையில்லை. முள் 8 அல்லது 10ம் எண். பெரிய முள்ளில் சின்ன இரை வைத்தால் கனம் காட்டிக் கொடுத்துவிடும். நைலான் நரம்பும் மெல்லியதாக இருக்கட்டும்.

தூவுவதற்கு ஒரு கைப்பிடித் தவிடு, அதில் ஒரு ஸ்பூன் கடலைப் பிண்ணாக்கு, கரையோர ஈர மண். மூன்றையும் பிசைந்து எலுமிச்சம்பழ அளவில் இரண்டே உருண்டை. மண் சேர்ப்பது கனத்துக்காக. வாசனை பரவும், வயிறு நிறையாது. ஒரு உருண்டையைத் தக்கைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு அரை மணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான பகுதி. மீன் கடிக்கவில்லை என்றதும் கை தானாகத் தவிட்டுப் பைக்குள் போகும். அதை அடக்க வேண்டும். அரை மணியில் ஒன்றும் இல்லையென்றால் இரையைக் கூட்டுவதற்குப் பதில் இடத்தை மாற்றுவதே புத்திசாலித்தனம். ஒரு மீன் அகப்பட்ட பிறகுதான் இரண்டாவது உருண்டைக்கு வேலை.

ஆழமும் கவனிக்க வேண்டிய விஷயம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், அதன் வாயே மேல் நோக்கித்தான் திறக்கும். ரோகு நடுவில். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியில். சாதாக் கெண்டைக்கு வாயோரம் நாலு மீசைகள், சேற்றைத் துழாவி ருசி பார்க்க. ஆகவே எந்த மீன் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத் தக்கையை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். தப்பான ஆழத்தில் நூறு உருண்டை போட்டும் பயன் இல்லை.

இடத் தேர்வில்தான் நாம் இங்கிலாந்துக்காரருக்கு நேர் எதிர். அவர் வசந்தத்தில் வெயில் படும் ஆழமில்லாத மூலையைத் தேடுவார், சூட்டுக்காக. நம் ஊரில் மர நிழல், வாய்க்கால் வந்து விழும் இடம், காற்று அலையடிக்கும் கரை என்று தேட வேண்டும், மூச்சுக்காக. பாசி படர்ந்த பச்சைக் குளத்தில் விடியற்காலை நல்ல நேரம் அல்ல. இரவு முழுக்க ஆக்ஸிஜன் கரைந்து போயிருக்கும். வெயில் ஏறி இரண்டு மணி நேரம் ஆகட்டும், அல்லது மாலை நாலு மணிக்குமேல் போகலாம். ஊட்டி போன்ற குளிர்ந்த இடங்களில் மட்டும் இங்கிலாந்துக் கணக்கு அப்படியே பொருந்தும்.

எங்கே போகக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நெய்யாறு அணை வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. தவிர, அந்த நீர்த்தேக்கத்தில் முதலைகள் விடப்பட்டு, மனிதர்களைத் தாக்கிய சம்பவங்களும் நடந்திருக்கின்றன. நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஆக்குளம் காயலில் ஆமையிழஞ்சான் தோட்டின் சாக்கடை வந்து கலக்கிறது. அங்கே பிடித்த மீனைக் குழம்பு வைக்க யோசிக்க வேண்டும். அருவிக்கரை அணையிலிருந்துதான் திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் போகிறது. அங்கே தண்ணீரில் விழும் ஒவ்வொரு கைப்பிடியும் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டுக் குழாயை நோக்கித்தான் பயணம் போகிறது. குளம் யார் குத்தகையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு உட்காருவதும் மரியாதை.

தூண்டில் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் நம் நாட்டுக்கும் புதிதல்ல. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஹென்றி சலிவன் தாமஸ் 1873ல் இந்தியாவில் தூண்டில் பிடிப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். 1887ல் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு நூல். ஆனால் பழைய சோற்றில் நாலு பருக்கையை எடுத்து முள்ளில் குத்திவிட்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்த கிராமத்துப் பையன்களுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. சிக்கனத்தை அவர்களுக்கு வறுமை கற்றுக் கொடுத்தது. இன்று தூண்டிலோடு போகிறவர்களுக்கு வறுமை இல்லை. அதனால் அறிவால்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சிக்கனத்துக்கு ஒரு கடைசிப் படி உண்டு: ஒன்றுமே போடாமல் இருப்பது. மாசியிலிருந்தே கட்லா, ரோகு வயிற்றில் சினை திரளத் தொடங்கிவிடும். இடவப்பாதி மழையின் முதல் வெள்ளம் இறங்கியதும் கேரளத்தின் நாட்டு மீன்கள் ஆற்றிலிருந்தும் காயலிலிருந்தும் வயல்களை நோக்கி முட்டையிட ஏறும். ஊத்த என்று மலையாளிகள் சொல்லும் அந்தப் பயணத்தில் அவற்றைக் கூடை வைத்து அள்ளுவது ஒரு காலத்தில் ஊர்க் கொண்டாட்டமாக இருந்தது. இப்போது அது கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். 2010ல் வந்த இந்தச் சட்டம் வெடி, விஷம், மின்சாரம் வைத்து மீன் பிடிப்பதையும் தடை செய்கிறது. இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டிலுக்கு விடுமுறை. நம் ஊரில் அந்த விடுமுறை மழையோடு தொடங்குகிறது. சினை வயிற்றோடு அகப்படும் மீனை ஈரக் கையால் முள் நீக்கித் திரும்ப விட்டுவிடுகிறவர்தான் அடுத்த மாசியிலும் அதே கரையில் உட்கார முடியும்.