மலையேறி வந்தவர்கள்

திருப்பலியில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்ல வேண்டும்: அறிவிப்பு நேரம். நன்மை (நற்கருணை) வாங்கி முடிந்து, கடைசி ஆசீருக்கு முன்னால் பங்குத்தந்தை ஒரு தாளை எடுப்பார். பாதிப் பேர் செருப்பை எங்கே விட்டோம் என்று யோசிக்கத் தொடங்கும் நேரம் அது. நான் அப்போதுதான் காதைத் தீட்டிக்கொள்வேன். யாருக்குக் கல்யாண ஓலை, யாருக்கு முப்பதாம் நாள் பூசை, எந்தத் தெருவில் அன்பியக் கூட்டம், கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட யார் யார் வர வேண்டும் என்று ஊரின் ஒரு வாரம் ஐந்து நிமிஷத்துக்குள் வந்து போய்விடும்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு எங்கள் ஏற்காடு என்றால் ஏரி, படகு, பகோடா பாயின்ட், லேடீஸ் சீட். சனி, ஞாயிறுகளில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறும். இங்கே கத்தோலிக்கர் என்றதும் வெளியூர்க்காரர் சொல்வது பள்ளிக்கூடங்களைத்தான். காபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட், குளூனி கன்னியர்களின் சேக்ரட் ஹார்ட். சசி தரூரும் அன்புமணியும் மான்ட்ஃபோர்ட்டில் படித்தவர்கள் என்பதை டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் திருஇருதய ஆண்டவர் கோவில் பங்கு அப்படிப் பெயர் எடுத்தது அல்ல. பங்கில் சேரக் கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. பங்கின் எல்லைக்குள் குடிவந்த கத்தோலிக்கர் அந்தப் பங்கின் ஆள். அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரிய சங்கதி என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

பங்கின் வாரத்துக்கு ஒரு நடை இருக்கிறது. மலைமேல் இருக்கும் எங்கள் பங்கானாலும், கீழே சேலம் நான்கு ரோட்டுக் குழந்தை இயேசு பேராலயமானாலும் பெரிய வித்தியாசம் இராது. செவ்வாய் அந்தோனியாருக்கு, புதன் சகாய மாதாவுக்கு, சனி மாதாவுக்கு. மாதத்தின் முதல் வெள்ளி இருதய ஆண்டவருக்கு. அன்றைக்கு ஆராதனையும் உண்டு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே நன்மை கொண்டுபோவதும் உண்டு. அந்தோனியார் நவநாளுக்கு வருகிறவர்களில் ஞானஸ்நானம் வாங்காதவர்களும் நிறையப் பேர். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து, மெழுகுவத்தி ஏற்றி, இரண்டு நிமிஷம் கண்ணை மூடி நின்றுவிட்டு ஓடுகிறவர்களை எல்லாச் செவ்வாயும் பார்க்கலாம். தொலைந்துபோன சாவியிலிருந்து தட்டிப்போன சம்பந்தம் வரை அந்தோனியார் மீட்டுத் தருவார் என்ற நம்பிக்கைக்கு மதம் இல்லை.

இதெல்லாம் மைக்கில் வருவது. மைக்கில் வராத வேலை பூசை முடிந்த பிறகு மறைக்கல்வி வகுப்பறை ஒன்றில் நடக்கும். ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளுக்கான தாழ்வான பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். வின்சென்ட் தே பவுல் சபை. 1833-இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. விவாத மன்றத்தில் எதிராளி ஒருவர், ‘பழம்பெருமை பேசுகிறீர்களே, இன்றைக்கு ஏழைக்கு என்ன செய்கிறீர்கள்?’ என்று மடக்கியதில் பிறந்த சபை. அந்தக் கேள்வியை இன்னும் வாரா வாரம் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். செபம், போன வார அறிக்கை, வரவு செலவு, எந்தெந்த வீட்டுக்குப் போய் வந்தார்கள் என்ற விவரம். உதவி வாங்கும் குடும்பங்களின் பெயர் அந்த அறையைத் தாண்டாது.

கூட்டத்தில் ஒரு துணிப்பை கை மாறும். இரகசியப் பை என்று பெயர். கையை மூடியபடி உள்ளே விட்டு, விரித்தபடி வெளியே எடுக்க வேண்டும். நூறு ரூபாய் போட்டவர் யார், வெறுங்கையை விட்டு எடுத்தவர் யார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. கொடுக்கும் சபைக்காரரே சில மாதம் கஷ்டத்தில் இருக்கலாம் என்று யோசித்து யாரோ செய்த ஏற்பாடு. பிறகு பையை மேசைமேல் கவிழ்ப்பார்கள். நான்காக மடித்த பத்து ரூபாய்த் தாள்கள், சில்லறை. அந்தக் காசில்தான் ஒரு விதவைக்கு மாத மளிகை, ஒரு பிள்ளைக்கு யூனிஃபார்ம், டயாலிசிஸுக்கு மலையிறங்கிப் போய்வரும் ஒருவருக்குப் பஸ் செலவு.

பிடி அரிசி என்று இன்னொன்றும் உண்டு. உலை வைக்கும்போது தினமும் ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டுவைத்து மாதக் கடைசியில் கோவிலில் சேர்ப்பது. கேட்கவே நன்றாக இருக்கும். நடைமுறையில் ரேஷன் அரிசியும் பொன்னியும் ஒரே சாக்கில் கலந்து கிடக்கும். உலையில் போட்டால் ஒன்று குழைந்துவிடும், மற்றது விதையாகவே நிற்கும். வாங்குகிறவருக்கு அதுவும் ஒரு சின்ன அவமானம்தான். ‘தர்மத்துல வந்த அரிசின்னு சோறே காட்டிக் கொடுத்துருதுங்க’ என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். காசாகக் கொடுங்கள் என்று சபைக்காரர்கள் சிலர் இப்போது கேட்பது இதனால்தான்.

பங்கு செய்யும் சேவைகளில் யாரும் சேவை என்றே எண்ணாத ஒன்று, அலுவலக பீரோவில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய் தகப்பன், ஞானத்தாய் ஞானத்தகப்பன், குருவின் கையெழுத்து. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து உறுதிபூசுதல் பெற்றாலும், கல்யாணம் செய்தாலும், குருப்பட்டமே வாங்கினாலும், அந்தச் செய்தி அதே வரியின் ஓரத்தில் ஏற வேண்டும். கல்யாணம் துபாயில் நடந்தால் துபாயிலிருந்து இங்கே தகவல் வர வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆள் எங்கே போனாலும் அவர் கதை ஞானஸ்நானம் வாங்கிய ஊருக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

எஸ்டேட் லைன் வீடுகளில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்களுக்கு இந்த ஒரு வரிதான் பல காலம் வயதுக்குச் சாட்சி. பிறப்பு, இறப்பைப் பதிவு செய்யும் சட்டம் 1969-இல் வந்தது. மலைக்குள் அது நடைமுறைக்கு வர இன்னும் நாளாயிற்று. முதியோர் பென்ஷனுக்கு வயதுச் சான்று தேடி வருகிறவருக்குச் சில சமயம் பிறந்த வருஷமே தெரியாது. பெயர்தான் தெரியும். செபஸ்தியான் என்றால் சனவரிப் பக்கங்களைப் பார், அந்தோணி என்றால் ஜூன், சவேரியார் என்றால் டிசம்பர் என்பது பதிவேடு புரட்டிப் பழகியவர்களின் கணக்கு. பிள்ளை பிறந்த நேரத்துக்குக் கிட்டத்தில் எந்தப் புனிதரின் திருநாளோ, அவர் பெயரைத்தான் அந்தக் காலத்தில் வைத்தார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு அரசின் பிறப்புச் சான்றிதழே எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்று ஆகிவிட்டது. அவர்களுக்குப் பங்கின் பீரோ தேவைப்படாது. அவர்களின் தாத்தா பாட்டிகளுக்கு இன்னும் தேவைப்படுகிறது.

அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் தெரிவது இன்னொன்றும் உண்டு. இந்த மலையில் எல்லோருமே ஏறி வந்தவர்கள். சேர்வராயன் சாமியைக் கும்பிடும் மலையாளிப் பழங்குடியினரே காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பியோடு துரைமார் வந்தார்கள், துரைமாரோடு பண்ணை வேலைக்குக் கீழ்நாட்டு ஜனங்கள் வந்தார்கள், பாண்டிச்சேரி வழியாகப் பிரெஞ்சு சாமியார்கள் வந்தார்கள். 1930 மே 26-இல் சேலம் மறைமாவட்டம் உண்டானபோது முதல் ஆயர் பிரூனியே ஆண்டகையும் பிரெஞ்சுக்காரர்தான். இத்தனை பேரும் சேர்ந்து கேட்ட பூசை லத்தீனில். துரைக்கும் புரியாது, கூலிக்கும் புரியாது; அந்த ஒரு விஷயத்திலாவது சமத்துவம் இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960-களில் தமிழ் பீடத்துக்கு வந்தது. கோவில் நம்முடையது என்ற எண்ணமும் அதோடு கூடவே வந்தது.

இப்போது அடுத்த ஆட்கள் ஏறி வந்துகொண்டிருக்கிறார்கள். நவம்பரில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கினால் தை, மாசி வரை பறிப்பு. கிறிஸ்துமஸே பறிப்புக்கு நடுவில்தான் வரும். உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துக் கீழே போய்விட்டார்கள். தோட்டத்துக்கும் கட்டிட வேலைக்கும் ஓட்டல் சமையற்கட்டுக்கும் வட மாநிலத்தார் வருகிறார்கள். எல்லோரையும் ‘இந்திக்காரங்க’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வருகிறார்கள். கடைசி பெஞ்சுக்கும் பின்னால், கதவோரம் நிற்பார்கள். பெஞ்சில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டார்கள். பாட்டு தெரியாது. ஆனால் எப்போது முழந்தாளிட வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பதில் நம்மைவிடச் சுத்தம். கர்த்தர் கற்பித்த செபத்தின்போது பாருங்கள்: உதடு அசையும், சத்தம் வராது, நம் தமிழுக்கு முன்னாலேயே முடித்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

இவர்கள் ஜார்க்கண்டின் கும்லா, சிம்டேகா பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அங்கத்திய ஓராவ்ன், முண்டா, கரியா மக்களிடையே கத்தோலிக்க விசுவாசம் ஆழமாக வேரூன்றியது. 1885-இல் அங்கே போன பெல்ஜிய சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், ஜமீன்தார்களுக்கு எதிரான நில வழக்குகளில் பழங்குடிகளுக்குத் துணை நின்றார். ஊர் ஊராக ஜனங்கள் அவர் பின்னால் வந்தார்கள். 2003-இல் கர்தினாலான, அன்றைய ராஞ்சி பேராயர் டெலெஸ்ஃபோர் டொப்போ ஓராவ்ன் இனத்தவர். ஓராவ்ன்கள் பேசும் குடுக் மொழி, தமிழைப் போலத் திராவிடக் குடும்பத்து மொழி. ஆக, கதவோரம் நிற்கிறவர் தூரத்துச் சொந்தம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

‘பறிப்பு முடிஞ்சா போயிருவாங்க, இவங்களுக்குன்னு எதுக்குங்க தனியா ஏற்பாடு?’ என்று பங்கில் கேட்கிறவர்கள் உண்டு. கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பங்கின் கைவசம் காசும் கொஞ்சம், ஆளும் கொஞ்சம். ஆனால் 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. ஓரிடத்தில் மூன்று மாதம் தங்கினாலோ, தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, அந்தப் பங்கின் குருவே அவருக்குப் பங்குக் குரு. எங்கேயும் நிலையாக இல்லாத நாடோடியையும் சட்டம் விட்டுவிடவில்லை. அந்த நேரத்தில் எங்கே தங்கியிருக்கிறாரோ அந்த ஊர்க் குரு அவருக்குப் பங்குக் குரு. காப்பிப் பறிப்போ மூன்று மாதத்துக்கு மேல் போகும். சட்டப்படி பார்த்தால் கதவோரம் நிற்கிறவர் விருந்தாளி அல்ல, பங்கு ஜனம். அவருக்குச் செய்வது தர்மமும் அல்ல, கடமை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அறிவிப்புத் தாளில் இரண்டு வரி இந்தியில் இருக்கட்டும்; பள்ளி விடுதிகளில் இந்தி தெரிந்த சிஸ்டர்களுக்கா பஞ்சம்? பங்கு அலுவலகம் வார நாளில் மட்டும் திறந்திருந்தால் தோட்டத்து ஆள் கூலியை விட்டுவிட்டா வருவார்? ஞாயிறு பிற்பகலில் ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாம். கல்யாணம் ஆக வேண்டிய பையனுக்குச் சிம்டேகாவிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழ் வரவழைக்க ஒரு போன், ஒரு கடிதம் போதும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. சொந்த ஊர் கார்டை வைத்தே இங்கே கடையில் பொருள் வாங்கலாம். இது தெரியாமல் வெளியில் விலைக்கு வாங்குகிறவர்களை வின்சென்ட் சபைக்காரர் ஒருவர் ஒருமுறை கடைக்குக் கூட்டிப்போனால் போதும். மரியாயின் சேனைக்காரர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் வீடு சந்திக்கப் போகிறார்கள். அந்தப் பட்டியலில் லைன் வீடுகளையும் ஓட்டல் மாடி அறைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இதில் எதற்கும் புதுக் கட்டிடம் வேண்டாம், நன்கொடை ரசீது வேண்டாம்.

எங்கள் பங்குப் பேரவைக்கு ஆள் மாற்றும் காலம் நெருங்குகிறது. அன்பியத்துக்கு ஒருவர், இளைஞருக்கு ஒருவர், பெண்களுக்கு இருவர் என்று பெயர் கேட்பார்கள். கதவோரம் நிற்கிறவர்களில் ஒருவரின் பெயரை இந்த முறை நான் எழுதிக் கொடுக்கப்போகிறேன். ‘தமிழ் தெரியாதவர் கூட்டத்துக்கு வந்து என்ன செய்வார்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். தமிழ் நன்றாகத் தெரிந்த நாங்கள் கல்லறைச் சுற்றுச்சுவரைப் பற்றி எத்தனை கூட்டம் பேசினோம், சுவர் எத்தனை அடி உயர்ந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன்.