பதிவு செய்தாலே வீடு சொந்தமாகிவிடுமா?

புது தில்லி: முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் செலுத்தி, சார்-பதிவாளர் முன்னிலையில் கையெழுத்திட்டு, முத்திரை பதிந்த பத்திரத்தைக் கையில் வாங்கியவுடன் வீடு தமக்கு முழுமையாகச் சொந்தமாகிவிட்டது என்றே பெரும்பாலானோர் நம்புகின்றனர். ஆனால், விற்றவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருந்ததா என்பதற்கு அந்தப் பத்திரமோ, அதைப் பதிவு செய்த அரசோ உத்தரவாதம் அளிப்பதில்லை. 2025-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகள் இந்த உண்மையை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்துள்ளன.

மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழக அரசின் பதிவு விதி 55-ஏ(1), 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்துக்கு முரணானது எனக் கூறி, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில், விற்பவர் பெயரில் 'ஜமாபந்தி' ஆவணம் இருந்தால்தான் பதிவு என்ற பிகார் அரசின் விதியும் ரத்தானது. சொத்துரிமையை ஆராயும் அதிகாரம் பதிவு அதிகாரிக்கு இல்லை என்பதே இரு தீர்ப்புகளின் சாரம்.

மோசடிப் பத்திரங்களைத் தடுக்கும் நோக்கில்தான் இவ்விரு விதிகளும் கொண்டு வரப்பட்டன. நோக்கம் சரியானதாக இருந்தாலும், அதற்கு மூலச் சட்டத்தில் இடமில்லை. கையெழுத்திட்டவர் உரியவர்தானா, விருப்பத்துடன் கையெழுத்திட்டாரா என்பதைப் பார்ப்பதே 1908-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரிக்கு அளித்துள்ள பணியாகும். பத்திரப் பதிவு அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நிலமும் முத்திரைத் தீர்வை விகிதமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. எனவே, மத்தியச் சட்டத்தில் உள்ள ஓட்டையை மாநில விதியால் அடைக்க முயன்றால் அது நீதிமன்றத்தில் நிற்பதில்லை.

ஒப்பந்தம் வேறு, கிரையம் வேறு

முன்பணம் கொடுத்து விற்பனை ஒப்பந்தம் எழுதிக் கொண்டால் போதுமா என்பது பலரும் எழுப்பும் கேள்வி. போதாது. ஒப்பந்தம் சொத்தில் எந்த உரிமையையும் உருவாக்காது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. ரூ. 100 மற்றும் அதற்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்யப்பட்ட கிரையப் பத்திரத்தின் மூலமே நடைபெற வேண்டும். எழுதிய நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

ஒப்பந்தத்தின் பேரில் வீட்டைச் சுவாதீனம் பெற்றவருக்கு இருந்த பாதுகாப்பும் 2001-ல் கொண்டு வரப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு சுருங்கிவிட்டது. ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருந்தால் மட்டுமே 53-ஏ பிரிவின் கீழ் அந்தப் பாதுகாப்பைக் கோர முடியும்.

தில்லியின் அதிகாரப் பத்திரங்கள்

இந்தச் சட்ட நிலையின் முழு விளைவையும் தலைநகரில் காணலாம். குத்தகை நிலங்களை விற்கத் தேவைப்பட்ட முன் அனுமதியையும், தீர்வைச் செலவையும் தவிர்ப்பதற்காக, தில்லியில் பல ஆண்டுகளாக ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம், உயில் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதி வீடுகள் கைமாறி வந்தன. இது செல்லத்தக்க விற்பனை ஆகாது என்று 2011 அக்டோபர் 11-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரப் பத்திரம் ஒருவர் சார்பில் செயல்படுவதற்கான அனுமதி மட்டுமே. உயிலோ எழுதியவரின் மரணத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும், அதுவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றப்படலாம். இவற்றை நம்பிப் பணம் கொடுத்தவரின் நிலை எவ்வளவு பலவீனமானது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆயினும், அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் இந்த ஆவணங்களைத் தவிர வேறெதுவும் இல்லாமல் வாழ்ந்து வந்த லட்சக்கணக்கானோரை அரசால் புறக்கணிக்க இயலவில்லை. 1,731 குடியிருப்புகளில் வசிக்கும் ஏறத்தாழ 40 லட்சம் பேருக்காக, அதே ஆவணங்களின் அடிப்படையில் உரிமை வழங்க வகை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2019 டிசம்பரில் நிறைவேற்றியது. இந்தச் சலுகை குறிப்பிட்ட அந்தக் குடியிருப்புகளுக்கு மட்டுமே உரியது. பிற இடங்களில் அதிகாரப் பத்திரத்தை நம்பி வீடு வாங்குவோருக்கு 2011 தீர்ப்பே பொருந்தும் என்பது குறிப்பிடத்தக்கது.

கட்டி முடியாத வீடுகள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பொருத்தவரை, 2016-ல் நிறைவேற்றப்பட்டு 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குவோருக்கு முக்கியக் கேடயமாக உள்ளது. பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இன்றி விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அத்திட்டத்தின் நிலம் மற்றும் கட்டுமானச் செலவுக்கே பயன்படுத்த வேண்டும். குறித்த காலத்தில் வீட்டை ஒப்படைக்காவிட்டால் வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. கட்டுமானக் குறைபாடுகளுக்கு 5 ஆண்டுகள் வரை கட்டுநரே பொறுப்பாவார்.

ஆனால், கட்டுநர் திவாலாகிவிட்டால் திருப்பித் தரப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுகிறது. 2018-ல் திவால் சட்டம் திருத்தப்பட்டு, வீடு வாங்குவோரும் வங்கிகளைப் போல நிதிக் கடனாளர்களாக அங்கீகரிக்கப்பட்டனர். பின்னர் வந்த மற்றொரு திருத்தம், ஒரே திட்டத்தைச் சேர்ந்த 100 பேரோ அல்லது 10 சதவீதத்தினரோ சேர்ந்தால்தான் வழக்கைத் தொடங்க முடியும் என்று வரம்பிட்டது. நொய்டா பகுதியின் ஆம்ரபாலி திட்டங்களில் ஏறத்தாழ 42,000 பேரின் வீடுகள் முடங்கியபோது, 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் கட்டுமானப் பணியை ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

வாங்குபவர் என்ன செய்ய வேண்டும்?

இன்றைய சட்ட நிலையில் உரிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு வாங்குபவரையே சார்ந்தது. குறைந்தது 30 ஆண்டுகளுக்கான பத்திரத் தொடர்ச்சியை வழக்கறிஞர் மூலம் ஆராய்வது நடைமுறையில் உள்ள வழக்கம். வில்லங்கச் சான்று அவசியமானது. எனினும், பதிவான பரிமாற்றங்களை மட்டுமே அது காட்டும். பதிவாகாத உயில், வாரிசுகளின் பங்கு, நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். வங்கி கடன் அளிக்க ஒப்புக் கொண்டதை உரிமைக்கான சான்றாகக் கொள்வதும் தவறு. பட்டா, சொத்து வரி ரசீது போன்றவை வருவாய் மற்றும் வரிக் கணக்குக்கு உரியவை. அவையும் உரிமையை முடிவாக நிறுவுவதில்லை.

நாடாளுமன்றத்தின் முன் உள்ள கேள்வி

117 ஆண்டுகள் பழமையான பதிவுச் சட்டத்துக்கு மாற்றாக, மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நிலவளத் துறை 2025 மே மாதம் வரைவு மசோதாவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கோரியது. இணையவழிப் பதிவு, விற்பனை ஒப்பந்தத்துக்கும் அதிகாரப் பத்திரத்துக்கும் கட்டாயப் பதிவு ஆகியவை அதன் முக்கிய அம்சங்கள். இவற்றால் ஆள்மாறாட்டமும் இரட்டை விற்பனையும் குறையக்கூடும். ஆனால், ஆவணத்தைப் பதிவது என்பதிலிருந்து உரிமைக்கு உத்தரவாதம் அளிப்பது என்ற நிலைக்கு மாறுவது இதைவிடப் பெரிய மாற்றமாகும்.

அந்த மாற்றம் எளிதானதல்ல. உரிமைச் சான்று வழங்குவதற்கான மாதிரிச் சட்ட வரைவுகளை மத்திய அரசு 2008 முதல் பலமுறை தயாரித்துள்ளது. ஆந்திரம் 2022-ல் இயற்றிய நில உரிமைச் சட்டம் கடும் எதிர்ப்புக்குள்ளாகி, ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு 2024-ல் திரும்பப் பெறப்பட்டது. உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து அதிகாரிகளின் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே எதிர்ப்புக்கு முக்கியக் காரணம். நில அளவையும் பழைய ஆவணங்களும் சரி செய்யப்படாத நிலையில், தவறான பதிவே இறுதி உரிமையாகிவிடக் கூடும் என்ற கவலையும் நியாயமானதே.

பிகார் வழக்கின் தீர்ப்பில், 'பிளாக்செயின்' உள்ளிட்ட தொழில்நுட்பத்தின் துணையுடன் பதிவையும் உரிமையையும் இணைப்பது குறித்து ஆராயுமாறு சட்ட ஆணையத்தை உச்ச நீதிமன்றம் கேட்டுக் கொண்டது. பதிவுச் சட்டம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்திடமும், ரியல் எஸ்டேட் சட்டம் நகர்ப்புற விவகார அமைச்சகத்திடமும், திவால் சட்டம் நிறுவன விவகார அமைச்சகத்திடமும் உள்ளன. ஒரே வீட்டை வாங்குபவர் இம்மூன்றையும் கடந்தாக வேண்டும். தீர்வை வசூலிக்கும் அரசு, அதற்கு ஈடாக வாங்குபவருக்கு எந்த அளவு பாதுகாப்பை அளிக்கப் போகிறது என்பதற்குப் புதிய பதிவுச் சட்டம் குறித்த விவாதத்திலாவது நாடாளுமன்றம் விடை காண வேண்டும்.